கோப்பிக் கடை மேசைக்கு எந்த ஊர்?

"ஜப்பான் ஒரிஜினல் அண்ணே, இந்த நாட்டுல வேற எங்கயும் பார்க்க முடியாது" என்று சொல்லித்தான் அந்த மேசையை என்னிடம் தள்ளிவிட்டார் பழைய சாமான் வியாபாரி. மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் பின்கட்டைக் காலி செய்தபோது கிடைத்ததாம். முழங்கால் உயர மேசை, மேலே புகை நிறக் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் ஒரு டிவி, முகம் வானத்தைப் பார்த்தபடி. எதிரெதிரே இருவர் உட்கார்ந்து விளையாட இரு பக்கமும் ஒரு கம்பு, ஒரு பொத்தான். 1978-இல் ஜப்பானின் தைத்தோ நிறுவனம் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டைக் கொண்டுவந்த பிறகு, அங்கே காப்பிக் கடைகளெல்லாம் இப்படிப்பட்ட மேசைகளால் நிரம்பின. நம் பக்கக் கோப்பிக் கடைகளுக்கும் அந்தக் காற்று வந்து சேர்ந்தது.

எனக்குப் பகலில் ஏர்கோன் வேலை, திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி வேலை. பழைய மின்சாமானைத் திறந்து பார்ப்பது பழக்கமான ஒன்று. ஆனால் பழுது பார்ப்பது வேறு, ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது வேறு. கோலாலம்பூரில் இருந்து ஒரு சேகரிப்பாளர் போன் செய்து, "ஜப்பான் என்று நிரூபித்தால் நல்ல விலை தருகிறேன்" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். எப்படித் தேடினேன் என்பதை எழுதி வைத்தால், தோட்டப் பக்கத்துக் கடைகளில் இதுபோல் இன்னும் கிடக்கும் சாமான்களைக் கண்டெடுப்பவர்களுக்கு உதவும்.

முதலில் இரண்டு எச்சரிக்கை. மின்சாரத்தில் செருகிப் பார்க்கலாமா என்ற ஆசையை அடக்குங்கள். இந்த மேசைக்குள் இருந்த டிவியின் பின்புறத்தில் 100 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. நம் வீட்டு மின்சாரம் 240. நேராகக் கொடுத்தால் புகைதான் மிஞ்சும். அடுத்தது, படக்குழாய். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். முறையாக வெளியேற்றத் தெரியாதவர்கள் பழைய டிவி மெக்கானிக் ஒருவரைக் கூப்பிடுவதே நல்லது. இன்னொன்றும் உண்டு. காசைத் திருப்பிக் கக்கும் அமைப்பு உள்ளே இருந்தால் அது விளையாட்டு இயந்திரம் அல்ல, சூதாட்ட இயந்திரம். 1953-ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடுப்புச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதை வீட்டில் வைத்துக்கொண்டு "ஆராய்ச்சி செய்கிறேன்" என்று போலீசிடம் சொல்ல முடியாது. என் மேசையில் காசு போகும் வழி மட்டும்தான் இருந்தது, வரும் வழி இல்லை.

திறந்தவுடன் கண்ணில் பட்டது பச்சைப் பலகை. அதன்மேல் வரிசை வரிசையாகச் சில்லுகள், பலவற்றின் முதுகில் 'மலேசியா' என்று எழுதியிருந்தது. உதவிக்கு வந்த பையன் துள்ளிக் குதித்தான். "அங்கள், இது நம்ம நாட்டுல செஞ்சது!"

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். சில்லின் முதுகில் இருக்கும் நாட்டுப் பெயர், அந்தச் சில்லை எங்கே கட்டி முடித்தார்கள் என்பதைச் சொல்கிறது, அவ்வளவே. 1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்தது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் அந்தக் காலத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள் திறந்தார்கள். என் சித்தி தோட்டத்தை விட்டு அங்கேதான் வேலைக்குப் போனார். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் விளிம்பில் ஒட்டும் வேலை. அவரைப் போன்ற பெண்கள் கட்டிய சில்லுகள் உலகம் முழுக்கப் போயின. அமெரிக்காவில் செய்த பலகையிலும் மலேசியா இருக்கும், ஜப்பானில் செய்ததிலும் இருக்கும். பையனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு ஏமாற்றம். சித்திக்குச் சொன்னபோது அவர் அந்தப் பலகையைக் கையில் வாங்கி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு சில்லாகப் பார்த்தார். "எங்க பேக்டரி மார்க் இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாட்டுப் பெயரைவிட உபயோகமானது அதன் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கம். முதல் இரண்டும் வருஷம், அடுத்த இரண்டும் அந்த வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்பது. 8027 என்றால் 1980-ஆம் ஆண்டின் 27-ஆவது வாரம். எல்லாச் சில்லையும் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் கடைசித் தேதி எதுவோ, அதற்கு முன் இந்தப் பலகை பிறந்திருக்க முடியாது. ஆனால் சாக்கெட்டில் செருகியவற்றைத் தனியாக வையுங்கள், அவை பின்னால் மாற்றியவையாக இருக்கலாம். நேரடியாகப் பற்றவைத்தவற்றை நம்பலாம், அதுவும் ஈயத்தின் நிறம் மற்ற இடங்களோடு ஒத்திருந்தால் மட்டும். என் பலகையில் பற்றவைத்தவற்றுள் கடைசித் தேதி 8113. அதாவது 1981 மார்ச் மாதக் கடைசி. வியாபாரி "எழுபத்தெட்டு மாடல்" என்று சொன்னது அங்கேயே விழுந்தது.

விளையாட்டு எது என்று பார்க்க, அதன் நிரல் பதிந்திருக்கும் ஈப்ராம் சில்லுகளைப் படிக்க வேண்டும். நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த சில்லுகள் அவை. ஜன்னலின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்காதீர்கள். புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியிருப்பது அழியும். நேர் வெயிலில் ஒரு வாரம் வைத்தாலே போதும் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதமே ஒரு சாட்சி வேறு, அதில் யாராவது கையால் எண் எழுதியிருப்பார்கள். இன்னொரு பொறி 2716 என்ற எண்ணில் இருக்கிறது. இன்டெல்லின் 2716 ஐந்து வோல்ட்டில் படிக்கக்கூடியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அதே எண்ணில் வெளியிட்ட சில்லுக்கு மூன்று வகை மின்னழுத்தம் வேண்டும், கால்களின் வரிசையும் வேறு. அவர்களிடம் இன்டெல்லுக்கு இணையானது 2516. எண்ணை மட்டும் பார்த்துக் கருவியில் செருகினால் நாற்பது வருஷம் தாங்கிய சில்லு ஒரு நொடியில் போய்விடும்.

படித்து எடுத்த கோப்புகளை மேம் திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிட்டேன். 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிய திட்டம் அது. பழைய விளையாட்டு இயந்திரங்களின் சில்லுகளில் என்ன இருந்தது என்பதற்கான அடையாள எண்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. நிரல் இருந்த ஐந்து சில்லுகளில் நான்கு, 1979-இல் ஜப்பானின் நம்கோ வெளியிட்ட கேலக்சியன் விளையாட்டோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. ஐந்தாவது மட்டும் ஒத்துவரவில்லை. ஆட்டத்தின் தொடக்கப் படத்தில் நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. நகல் பலகை! கேலக்சியன் பலகையைப் பார்த்து அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் நகல் எடுத்தார்கள், அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. எந்த விளையாட்டு என்று தெரிந்ததில் சந்தோஷம்தான். ஆனால் மேசைக்கு எந்த ஊர் என்ற கேள்வி இருந்த இடத்திலேயே இருந்தது. பலகையை ஐந்து நிமிடத்தில் கழற்றி வேறு பெட்டியில் மாட்டலாம்.

பிறகு மரத்துக்கு வந்தேன். பிளைவுட் மெராந்தி வகை. நம் நாட்டு மரம் என்று குதிக்கத் தோன்றும். இங்கேயும் சில்லின் கதைதான். அந்த வருஷங்களில் ஜப்பான் தன் பிளைவுட்டுக்கு வேண்டிய கட்டைகளைச் சபா, சரவாக், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் காடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வாங்கியது. அதனால் ஜப்பானில் செய்த மேசையிலும் நம் காட்டு மரம் இருக்கும்.

ஆக, பாகத்தைப் பார்த்துப் பயனில்லை. சில்லு பினாங்கு, டிவி ஜப்பான், மரம் எந்தக் காடோ. பாகமும் பாகமும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். ஆணி அடித்தவன் எங்கே நின்றானோ, அதுதான் மேசையின் ஊர். அதற்குப் பிறகு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஓட்டைகளையும் திருகுகளையும் மட்டும் பார்த்தேன். என் மனைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "மேசையை வாங்கிட்டு ஓட்டையை எண்ணிக்கிட்டு இருக்காரு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

டிவியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் இருந்தவை நட்சத்திரத் தலைத் திருகுகள், தலையில் ஒரு சின்னப் புள்ளியோடு. ஜப்பான் தரநிலைத் திருகின் அடையாளம் அந்தப் புள்ளி. ஆனால் அதே சட்டத்தை மரத்தோடு பிணைத்தவை ஒற்றைக் கோட்டுப் பித்தளைத் திருகுகள். அந்தக் காலத்து நம்மூர் இரும்புக்கடையில் பொட்டலம் கட்டித் தந்தவை. மேசையின் தரையில் 240-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று கனமாக உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் ஒரே ஒரு ஜோடி ஓட்டை. பழைய ஓட்டையை அடைத்த மக்குப் பூச்சு இல்லை, வேறு கம்பி நுழைந்த துளையும் இல்லை. ஜப்பானிலிருந்து முழு மேசையாக வந்திருந்தால் டிரான்ஸ்பார்மருக்கு வேலையே முதலில் இருந்திருக்காது. பின்னால் சேர்த்திருந்தால் அதன் தடம் தெரியும். இந்த மேசையோ தொடக்கத்திலேயே டிரான்ஸ்பார்மருக்கு இடம் விட்டுச் செய்யப்பட்டது.

காசுத் துவாரத்துக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 20 காசு போடும்படி அமைத்திருந்தார்கள். நம் பழைய 20 காசின் விட்டம் 23.59 மில்லிமீட்டர். பாராளுமன்றக் கட்டடம் போட்ட முதல் வரிசையும், 1989-இல் வந்த வெற்றிலைப் பெட்டி வரிசையும் அளவில் ஒன்றே. ஜப்பானின் 100 யென் 22.6 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், ஆனால் 20 காசு அதற்குள் போகாது. துவாரத்தின் பித்தளை வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது மேல் விளிம்பில் குறுக்குக் கீறல்கள், ஒரே திசையில், நெருக்கமாக. அரம் போட்டுத் தேய்த்த தடம். கீழ் விளிம்பு மழமழவென்று தொழிற்சாலைப் பதத்திலேயே இருந்தது. ஜப்பான் துவாரத்தை வாங்கி, நம் காசுக்கு யாரோ பொறுமையாக அகலப்படுத்தியிருக்கிறார்கள். இதை வைத்து மலேசியா என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 1967-இல் தொடங்கிய சிங்கப்பூரின் முதல் வரிசை 20 காசும் இதே அளவு. அப்போது இரண்டு நாட்டுக் காசும் ஒரே துவாரத்தில் விழும்.

ஜப்பானா இந்தப் பக்கமா என்ற சந்தேகத்தை முழுதாகத் தீர்த்தது பென்சில். பக்கப் பலகையின் உட்புறத்தில், கண்ணாடி உட்காரும் விளிம்புக்குக் கீழே, மங்கலாகச் சில கோடுகள். முதலில் குழந்தைக் கிறுக்கல் என்றுதான் நினைத்தேன். போனில் படமெடுத்துக்கொண்டு தெலுக் இந்தானில் பழைய சீன மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவரிடம் மலாயில் "தவுக்கே, இது எழுத்தா?" என்று கேட்டேன். அவர் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார். சீன வியாபாரிகளும் தச்சர்களும் கணக்குக்குப் பயன்படுத்திய சுசோ எண்கள் அவை, மருந்து டப்பாவில் இன்னும் அப்படித்தான் விலை எழுதுகிறாராம். "இருபத்து நாலு, பதினெட்டு, அப்புறம் மூன்றேகால்" என்று படித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து டேப்பைப் போட்டேன். மேசையின் அகலம் 24 அங்குலம், மயிரிழை பிசகவில்லை. ஜப்பான்காரன் மில்லிமீட்டரில் அளப்பான், சீன எண்ணில் அங்குலக் கணக்கு எழுத மாட்டான். இந்தப் பக்கத்துச் சீனத் தச்சர் ஒருவர், ஜப்பான் மேசை ஒன்றைக் கண்ணால் பார்த்தோ அளந்தோ அடித்த நகல் இது.

சிங்கப்பூரிலும் சீனத் தச்சர்கள் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். டிவியின் பின்மூடியில் ஒரு ரிப்பேர் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது, ஊர் 'தெலுக் அன்சன்'. அந்த ஊர் 1982-இல்தான் தெலுக் இந்தான் ஆனது. பழைய சீட்டைத் தீரும்வரை ஒட்டும் கடைகளும் உண்டு, அதனால் வருஷத்தைச் சீட்டிலிருந்து கறாராக எடுக்காதீர்கள். ஆனால் அந்தப் பக்கத்திலேயே புழங்கிய பொருள் என்பது தெளிவு.

வருஷத்தை நெருக்கிப் பிடித்துக் கொடுத்தது மனிதர்களின் நினைவு. இதில் ஒரு முறை இருக்கிறது. "எந்த வருஷம்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு வருஷத்தைச் சொல்வார்கள், அதில் பாதி தவறாக இருக்கும். வருஷத்தைக் கேட்காமல், அப்போது என்ன வேலை பார்த்தீர்கள், எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்தீர்கள், யாருக்குக் கல்யாணம் நடந்தது என்று கேட்க வேண்டும். தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், இப்போது மகன் வீட்டுத் தாமான் வாசலில் உட்கார்ந்திருப்பவர், படத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"பூச்சி சுடுற பொட்டி! சம்பளத்தன்னிக்கு நம்ம பயலுவ பாதிப் பேரு அங்கதான் கெடப்பானுவ."

"லயத்துல வைக்கலையா அங்கள்?"

"லயத்துல ஏது தம்பி கரண்டு? சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டா ராத்திரி நிறுத்திருவான். டவுனுக்குத்தான் சைக்கிள்ல போகணும்."

எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "அது வந்து ரெண்டு மூணு சம்பளம் கழிச்சுத்தான் மணிய மாத்துனாங்க. முந்தின ராத்திரி அங்க ஆடிக்கிட்டு இருந்துட்டு, மறுநாள் காலையில பெரட்டுக்கு இருட்டுல ஓடுனோம். மண்டோர்கிட்ட ஏச்சு வேற."

மணியை மாற்றியது என்றால் அதற்குத் தேதி உண்டு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளியது 1982 ஜனவரி 1-ஆம் தேதி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்குவதற்காக. பெரட்டு, அதாவது வேலைக்கு முன் காலையில் ஆள் எண்ணும் கூட்டம், அதே மணிக்கு; வெளிச்சம் மட்டும் அரை மணி தாமதம். அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு அது உடம்பில் பதிந்த தேதி. சில்லு 1981 மார்ச்சுக்குப் பிறகு, மேசை 1982 ஜனவரிக்கு முன்பு. ஒன்பது மாத இடைவெளிக்குள் வந்துவிட்டது. இப்படிப்பட்ட தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள். தீபகற்பத்தில் கலர் டிவி 1978 டிசம்பர் கடைசியில் வந்தது, 1989-இல் காசு மாறியது, ஊர்ப் பெயர்கள் மாறிய வருஷங்கள், உங்கள் ஊர்க் கோவில் கும்பாபிஷேகம். ஒன்றாவது மாட்டும்.

காசுப் பெட்டியின் அடியில், மரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் சிக்கியிருந்த காசுகளையும் பார்த்தேன். பெரும்பாலும் பாராளுமன்றம் போட்டவை, கூடவே ஓரிரு வெற்றிலைப் பெட்டிக் காசும். அதனால் 1989-க்குப் பிறகும் இது ஓடியிருக்கிறது. காசைக் கொண்டு பிறப்பைச் சொல்ல முடியாது, எதுவரை உயிரோடு இருந்தது என்பதைத்தான் சொல்லலாம். பெட்டியில் இரண்டு பூட்டு மாட்டும் கொண்டிகள் இருந்தன, எதிரெதிர்ப் பக்கத்தில். ஏன் இரண்டு என்று, மேசை கிடந்த அந்தக் கடைக்காரரின் மகன் சொன்னபோதுதான் விளங்கியது. மேசை அவர் அப்பாவுடையது அல்ல. யாரோ ஒருவர் மாதா மாதம் மோட்டாரில் வருவார், இருவரும் ஆளுக்கொரு பூட்டைத் திறப்பார்கள், காசை எண்ணி ஆளுக்குப் பாதி. ஒருவரை ஒருவர் நம்பாத இருவரின் கூட்டு வியாபாரம். எனக்கு இந்த மேசையில் ஜப்பான் டிவியைவிட மதிப்பானது அந்த இரண்டாவது கொண்டிதான். நகல் பலகை, நகல் மேசை, அரம் போட்ட துவாரம், மாதாந்திரப் பங்கு எல்லாம் ஒரே கை வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பாகம் பாகமாக வாங்கி, தச்சரிடம் மேசையை அடித்து, தோட்டப் பட்டணங்களில் கடை கடையாக வைத்த ஒரு வியாபாரி. அதனால்தான் இதற்கு எந்தப் பட்டியலிலும் மாடல் பெயர் கிடைக்கவில்லை.

கோலாலம்பூர்க்காரருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். பாகம், அதில் கண்டது, அதிலிருந்து நான் எடுத்த முடிவு, நான் மாற்றியது என்று பத்தி பிரித்து, படங்களோடு. பழைய சாமான் வைத்திருக்கும் யாரும் இப்படி ஒரு தாளைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைப்பது நல்லது. நாளைக்கு வருகிறவன் என் புதுத் திருகைப் பார்த்து 1981 என்று நினைத்துவிடக் கூடாது. அவர் படித்துவிட்டு, "அப்போ இது காப்பிதானே" என்றார். ஆமாம், காப்பிதான். பாதி விலை கேட்டார். கொடுக்கவில்லை.

மேல் லேமினேட்டில் இருக்கும் சிகரெட் சூட்டையும் கோப்பி வட்டங்களையும் அப்படியே விட்டிருக்கிறேன், தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆட்டம் ஓடுகிறது. பூச்சிகள் இறங்குகின்றன, சுட்டால் சாகின்றன, ஆனால் சுடும் சத்தம் வரவில்லை. இந்தப் பலகையில் சத்தத்துக்கென்று தனிச் சில்லு கிடையாது. ரெசிஸ்டரும் கெப்பாசிட்டருமாகக் கட்டிய சுற்று அது. ஒவ்வொன்றாக அளந்து பார்த்ததில் மூன்று கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கின்றன. ஈப்போவில் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் மாட்ட வேண்டும்.